ஒற்றியூர் எல்லையைக் கடந்தபோது

சுந்தரமூர்த்தி சுவாமிகள் கண்ணிழந்த வரலாற்றைத் திருவொற்றியூர் சென்று வழிபடும் அடியார்கள் நன்கறிவர். சங்கிலியாரை மணம் புரிவதற்கு முன், அவரை ஒருபோதும் பிரிவதில்லை என்று சுந்தரர் வாக்களிக்க வேண்டியிருந்தது. அப்போதே அவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடியது. திருவாரூரை விட்டு நெடுநாள் இருக்கத் தம்மால் இயலாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே, சன்னிதியில் சபதம் செய்யும் நேரத்தில் இறைவன் கருவறையை விட்டு நீங்கி, அருகிலுள்ள மகிழ மரத்தடியில் எழுந்தருள வேண்டும் என்று பெருமானிடமே முன்கூட்டி விண்ணப்பித்துக்கொண்டார். பெருமானும் இசைந்தார். ஆனால் சங்கிலியாரின் கனவில் தோன்றி, சபதத்தை மகிழ மரத்தடியில் கேட்கும்படி கூறிவிட்டார். ஒற்றியூரில் மாசிப் பெருவிழாவின்போது நடைபெறும் மகிழடி சேவை அந்தச் சபதத்தின் நினைவுதான்.

பின்னர் வசந்த காலம் வந்தது. திருவாரூர்ப் பெருமானின் வசந்த விழா நினைவுக்கு வந்தது. சுந்தரர் புறப்பட்டுவிட்டார். ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவில் இரு கண்களும் மறைந்தன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் இடக்கண், திருவாரூரை அடைந்தபின் வலக்கண்.

சொற்பொழிவுகளில் இதனை இறைவனின் திருவிளையாடலாகக் கேட்டு மகிழ்ந்து எழுந்துவிடுகிறோம். சற்று நின்று நோக்கினால் ஒன்று புலப்படும். சுந்தரர் சென்ற காரணம் தீயதன்று. பொருளுக்காகவோ போகத்துக்காகவோ அவர் செல்லவில்லை. தியாகேசரைத் தரிசிக்கச் சென்றார். அதைவிடப் புனிதமான காரணம் ஓர் அடியாருக்கு ஏது? ஆயினும் கண் போயிற்று. காரணம் நல்லதாக இருந்தால் வாக்கை மீறுவதற்கு விலையே இல்லை என்று நினைத்துக்கொள்வது எளிது. சேக்கிழார் பெருமான் அந்த எளிய வழியை நமக்குக் காட்டவில்லை. மறுபுறம், கண்ணிழந்தவரை இறைவன் ஒற்றியூருக்குத் திருப்பி அனுப்பவும் இல்லை. போகும் வழியில் கோல் கொடுத்தார். போகலாம், ஆனால் விலையைப் போகிறவரே சுமக்க வேண்டும் என்பது போல அவ்வரலாறு அமைந்திருக்கிறது. ஒற்றியூரில் தனித்து நின்ற சங்கிலியார் அந்நாள்களை எவ்வாறு கழித்தார் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

இவை பழங்காலச் செய்திகள் என்று ஒதுக்கிவிட இன்றைய குடும்பங்களால் இயலாது. மகனோ மகளோ இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று கையெழுத்திட்டுக் கடல் கடந்து வேலைக்குச் செல்கின்றனர். இடையில் இங்கே ஒருவர் படுக்கையில் விழுகிறார். 'எப்போது வருவாய்?' என்று தொலைபேசியில் கேட்கும் குரல் பெரும்பாலும் இந்த இதழைப் படிக்கும் வயதினருடையதே. அந்தக் கேள்விக்கு அங்கிருப்பவர் என்ன விடை சொல்ல வேண்டும்?

திருவாரூரைச் சேர்ந்த ஆசிரியை ஒருவருக்கு 2013ஆம் ஆண்டு இக்கேள்வி வந்தது. வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். அப்போது வயது முப்பத்தாறு. மாலத்தீவில் ஒரு சிறு தீவின் பள்ளியில் பணி. 2012 ஜனவரியில் தொடங்கிய இரண்டு ஆண்டு ஒப்பந்தம். மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் இருப்பினும் மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. அவற்றில் பலவற்றின் மக்கள்தொகை நம் ஊரின் இரண்டு மூன்று தெருக்களில் அடங்கிவிடும். உயர் வகுப்புப் பாடங்களுக்கு உள்ளூரில் ஆசிரியர் போதாமையால் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே செல்வது நெடுநாள் வழக்கம். தீவுக்குத் தீவு படகில்தான் போக வேண்டும். படகுக்கு அவர்கள் வழங்கும் பெயர் நம் 'தோணி'யை ஒத்தே ஒலிக்கிறது. நம் கடைகளில் விற்கும் மாசிக் கருவாடு அந்நாட்டுப் பொருள்தான். சைவ உணவு உண்ணும் அம்மையாருக்கோ, காய்கறிப் படகு வரும் நாளே திருநாள்.

அந்நாட்டில் இஸ்லாம் அரச சமயம். பிற சமயத்தார் வெளிப்படையாக வழிபட இயலாது. வழிபாட்டுக்குரிய திருவுருவங்களைக் கொண்டுசெல்லவும் சுங்கத்தில் இடமில்லை. இது தெரிந்தேதான் அவர் சென்றார். அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. திருநின்றவூர்ப் பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டியவர் அல்லவா? கமலாம்பாள் சன்னிதியை மனத்தில் வலம் வந்துவிட்டுத்தான் காலையில் பள்ளிக்குக் கிளம்புவார்.

பத்தாம் வகுப்பில் பதினெட்டு மாணவர்கள். அக்டோபரில் கேம்பிரிட்ஜ் சாதாரண நிலைத் தேர்வு தொடங்கும். அந்தத் தீவில் வேதியியல் கற்பிக்க அவரைத் தவிர வேறொருவர் இல்லை.

ஏப்ரல் இறுதியில் திருவாரூரில் அவருடைய தாயாருக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. பேச்சு சற்றுக் குழறினாலும் இருந்தது. தம்பி வேலை நிமித்தம் புனேயில் இருந்தார். பத்து நாள் விடுப்பில் வந்து, ஓர் உதவியாளரை அமர்த்திவிட்டுத் திரும்பினார். பக்கத்து வீட்டு அம்மாள் தொலைபேசியைக் காதில் வைத்துப் பிடித்திருக்க, தாயார் மகளிடம் சொன்னது ஒரே சொற்றொடர்தான்: "சீக்கிரம் வந்துடும்மா." மகளின் கடமையை நினைவூட்டித் தம் துன்பத்தை மறைத்துக்கொள்ளும் தாய்மாரைக் கதைகளில் காண்கிறோம். இந்தத் தாயார் அப்படிச் சொல்லவில்லை. உடல் நொந்திருக்கும் வேளையில் மகள் அருகில் வேண்டும் என்று கேட்டார். அதில் குறை காண எவருக்கும் உரிமையில்லை.

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார் அம்மையார். இடையில் விலகினால் ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும்; ஒரு மாதச் சம்பளமும் வந்த பயணச் சீட்டின் தொகையும் திருப்பித் தர வேண்டும்; முடிவில் கிடைக்கும் ஊக்கத்தொகை கிடையாது. இவை தவிர, சென்னையில் ஆள் சேர்த்த நிறுவனம் பிணையாகத் தொகை நிரப்பாத இரண்டு காசோலைகளையும், மூலச் சான்றிதழ்களில் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தது. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் கொடுத்துவிட்டார். பிள்ளைகளை வெளிநாடு அனுப்பும் பெரியோர் இதனை மட்டுமாவது கவனிக்க வேண்டும். தொகை எழுதாத காசோலை என்பது பூட்டாத பெட்டி. உண்மையான கடன் ஒன்று இருந்து, அதற்காகக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால்தான் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு பாயும் என்பது சரியே. ஆனால் கடன் இல்லை என்பதை நிரூபிக்க நீதிமன்றப் படியேறுவது காசோலை கொடுத்தவர்தாமே? அவ்வாறே, கடவுச்சீட்டை எந்த நிறுவனமும் பறித்து வைத்துக்கொள்ள உரிமையில்லை. 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி அது மத்திய அரசின் உடைமை. ஆள் சேர்ப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவரா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

சட்டம் இத்தகைய ஒப்பந்தங்களைப் பார்க்கும் விதம் அறியத்தக்கது. ஒருவரைக் கட்டிப்போட்டு வேலை வாங்க நம் நாட்டு நீதிமன்றம் உத்தரவிடாது. உடலுழைப்பையும் திறமையையும் நம்பிய பணி ஒப்பந்தத்தை அவ்வாறு நிறைவேற்றி வைக்க இயலாது என்பது 1963ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் கருத்து. கிடைப்பது இழப்பீடு மட்டுமே. அதுவும், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, தாளில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான அளவே. அயல்நாட்டுச் சட்டங்கள் சிற்சில இடங்களில் வேறுபடலாம். பொதுவில், சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தத்தை முறிப்பது ஒரு விலை. விலையைக் கொடுத்தால் கணக்கு முடிந்தது. நிரந்தர வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் எடுப்பவருக்கு வட்டி குறையும். அவரை யாரும் பாவி என்று ஏசுவதில்லை. அவரையும், கடன் வாங்கிவிட்டு இரவோடிரவாக ஊரைவிட்டுப் போனவரையும் வங்கியில் ஒரே ஏட்டில் எழுதுவதில்லை.

ஆனால் பதினெட்டு மாணவர்கள் அந்தத் தாளில் கையெழுத்திட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு எந்தப் பிரிவின்கீழும் இழப்பீடு கிடையாது.

உடன் பணிபுரிந்தவர்கள் எளிய வழி ஒன்றைக் கூறினர். ஜூன் முதல் வாரத்தில் இடைப்பருவ விடுமுறை. இரு வழிப் பயணச் சீட்டு எடுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போவது போலப் போய்விட வேண்டியது. திரும்ப வர வேண்டியதில்லை. முன்னறிவிப்பும் வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். யார் கடல் கடந்து வந்து கேட்கப் போகிறார்கள்? இதற்கு முன்னோடியும் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கணித ஆசிரியர் ஒருவர் அவ்வாறே சென்றிருந்தார். அவர் அறையில் கொடியில் இரண்டு சட்டைகளும், அடுப்பங்கரையில் பாதிப் பொட்டலம் ரவையும் இருந்தமையால் வருவார் வருவார் என்று பள்ளி ஒன்றரை மாதம் காத்திருந்தது. வரமாட்டார் என்று தெளிந்தபோது புதியவரைத் தேட நேரமில்லை. சான்றிதழ்களைச் சரிபார்த்து, அனுமதி பெற்று ஓர் ஆசிரியரை அழைத்துவர மாதங்கள் ஆகும். அவ்வாண்டுப் பத்தாம் வகுப்பு கணித ஆசிரியர் இன்றியே தேர்வு எழுதியது. அவருக்கு வீட்டில் என்ன இடரோ, எவரும் அறியார். உண்மையான இடராகவே இருந்திருக்கலாம். சட்டைகளைக் கொடியில் விட்டுச் சென்றதுதான் பொறுத்துக்கொள்ளக் கூடாத செயல். அவருக்குப் பின் வந்த இந்திய ஆசிரியர்கள் விடுமுறை கேட்கும்போதெல்லாம் தலைமையாசிரியர் ஒரு கணம் அவர்கள் முகத்தை உற்றுப் பார்ப்பாராம்.

இந்த அம்மையார் தாயார் விழுந்த மூன்றாம் நாளே தலைமையாசிரியரிடம் சென்று நிகழ்ந்ததைக் கூறி, ஒப்பந்தத்தை இடையில் முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று எழுதியும் கொடுத்தார். அவர் அத்தீவைச் சேர்ந்தவர்; அதிகம் பேசாதவர். நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்தத் தேதி?" என்று மட்டும் கேட்டார். இருவரும் நாள்காட்டியைப் புரட்டினர். விடுமுறை தொடங்கும் நாள் முடிவாயிற்று. இடையில் ஏறத்தாழ நாற்பது நாள். அதற்குள் பத்தாம் வகுப்புப் பாடம் முழுவதையும் முடித்துவிடுவதாக அம்மையார் ஏற்றார். புதிய ஆசிரியருக்குப் பள்ளி அன்றே விண்ணப்பம் அனுப்பியது.

அந்நாட்டில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அந்த நாற்பது நாளில் சனிக்கிழமைகளும் வகுப்பு நாள்கள் ஆயின. வெள்ளிக்கிழமை மாலைகளிலும் நான்கைந்து பிள்ளைகள் வந்தனர். உப்புகளைக் கண்டறியும் செய்முறைகளை ஒவ்வொரு மாணவரும் தம் கையால் இரண்டு முறை செய்துபார்த்தாயிற்று. கரிம வேதியியல் பகுதியை மட்டும் விரைந்து ஓட்ட வேண்டியிருந்ததில் அவருக்கு மனக்குறை உண்டு. இரவுகளில் ஒரு நோட்டுப் புத்தகத்தில், அடுத்து வருபவருக்காக ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் எழுதிவைத்தார்: யாருக்குச் சமன்பாடு வராது, யார் வீட்டில் விளக்கம் கேட்க ஆளில்லை, யாரை முன் வரிசையில் அமர்த்த வேண்டும்.

கொடுத்த சொல்லை எந்நிலையிலும் எழுத்துக்கு எழுத்து காத்தே தீர வேண்டும் என்று நம் நூல்கள் கூறுவதாக நினைப்பது முழு உண்மையன்று. பாரதத்தில் கர்ண பருவத்தில், காண்டீவத்தை வேறொருவருக்குக் கொடு என்று தருமபுத்திரர் கடிந்துரைத்தபோது அருச்சுனன் அண்ணன் மீதே வாளை உருவினான். அப்படிச் சொல்பவரைக் கொல்வதாக அவன் ரகசியச் சபதம் செய்திருந்தான். கண்ணபிரான் தடுத்து, சத்தியத்தின் நுட்பத்தை உணர்த்தினார். சொன்ன சம்பளம் ஒன்று, கொடுப்பது வேறொன்று; ஆசிரியர் வேலை என்று அழைத்து வீட்டு வேலை வாங்குவது; கடவுச்சீட்டைப் பூட்டி வைப்பது என்றெல்லாம் ஏமாற்றிய இடத்தில், இரண்டாண்டு முடியட்டும் என்று ஒரு பெண்ணை இருக்கச் சொல்வது தருமம் ஆகாது. அங்கே முதலில் வாக்கை முறித்தவர் வேலை கொடுத்தவர். அம்மையாரின் பள்ளி அப்படிப்பட்டதன்று. குறித்த நாளில் சம்பளம் கொடுத்தது, மரியாதையாக நடத்தியது. அதனால்தான் அவருக்குக் கடினமாயிற்று.

மே மாதம் அந்தக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று எழும் காலம். சில நாள்கள் படகுகள் ஓடா. திருவாரூரில் தாயார், மகள் சொன்ன தேதியை நினைவில் வைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய நாள்காட்டித் தாளை உதவியாளர் கிழிக்கும்போதெல்லாம் இன்னும் எத்தனை என்று கேட்பாராம். இன்னும் எட்டுத் தாள் இருக்கையில் இரண்டாவது முறை பக்கவாதம் தாக்கியது. இம்முறை பேச்சு அடியோடு நின்றுவிட்டது. செய்தி வந்தபோது கடல் கொந்தளிப்பால் இரண்டு நாள் படகில்லை. பின்னர்ப் போகலாம் என்றிருந்தபோது, எஞ்சிய நான்கு நாளையும் முடித்துவிட்டே போகலாம் என்று அம்மையார் இருந்துவிட்டார். ஏன் அவ்வாறு செய்தார் என்று கேட்டால் அவரிடம் தெளிவான விடை இல்லை.

ஜூன் தொடக்கத்தில் வீடு வந்து சேர்ந்தார். தாயார் கண் திறந்து பார்த்தார். இடக்கையால் மகளின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். ஒரு சொல்லும் வரவில்லை. அதன்பின் இரண்டு ஆண்டு நான்கு மாதம் இருந்தார், பேச்சு திரும்பவேயில்லை. பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்காக அம்மாவின் கடைசிப் பேச்சைக் கேட்காமல் விட்டாய் என்று தம்பி அன்று சொன்ன சொல்லை இன்றளவும் திரும்பப் பெறவில்லை.

போகிறவரே விலையைச் சுமக்க வேண்டும் என்று மேலே கூறப்பட்டது. அம்மையார் சுமக்கத்தான் செய்தார். ஒரு மாதச் சம்பளத்தையும் பயணச் சீட்டுத் தொகையையும் கட்டினார், ஊக்கத்தொகையை இழந்தார், சென்னை நிறுவனத்திடம் கணக்கை எழுத்தில் முடித்து, பாக்கியில்லை என்று சீட்டு வாங்கி, காசோலைகளையும் சான்றிதழையும் கையோடு மீட்டார். ஆயினும் விலையின் ஒரு பகுதி, எதிலும் கையெழுத்திடாத ஒரு முதியவளின் மீது விழுந்துவிட்டது. அந்த இடத்தில் கணக்கு நேராக வரவில்லை. முதல் நாளே கிளம்பியிருந்தால் ஏறத்தாழ ஒரு மாதம் தாயாரின் பேச்சைக் கேட்டிருக்கலாம். பதினெட்டுப் பிள்ளைகள் பாதிப் பாடத்தோடு நின்றிருப்பர். படகு ஓடாத அந்த இரண்டு நாளுக்குப் பிந்திய நான்கு நாளைப் பற்றி வேண்டுமானால் கருத்து வேறுபடலாம். அவற்றை அவர் தாயாருக்கே கொடுத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. முந்திய நாள்களைப் பற்றி அவர் மீது பழி சொல்ல இடமில்லை. பள்ளியிடம் மறைத்து, விடுமுறை என்று பொய் சொல்லி வந்திருந்தாலும் தாயாருக்கு ஒரு நாள்கூட அதிகம் கிடைத்திருக்காது என்பதையும் தம்பி எண்ணிப் பார்க்கலாம்.

உள்ளூரில் தனியார் பள்ளி ஒன்றில் முன்னைய சம்பளத்தில் மூன்றிலொரு பங்குக்கு அம்மையார் வேலைக்குச் சேர்ந்தார். மாலையில் பள்ளியிலிருந்து நேரே வீடு. தாயாரைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி புகட்டி, தேவாரம் படிப்பார். வெள்ளிக்கிழமை மட்டும் உதவியாளரை ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குச் சென்று வருவார்.

தீவுக்குப் புதிய வேதியியல் ஆசிரியர் நாகர்கோவிலிலிருந்து ஜூலை இறுதியில் போய்ச் சேர்ந்தார். ஒரு நாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். நோட்டுப் புத்தகம் கிடைத்தது, மிக்க உதவி, ஆனால் எட்டாம் பக்கத்தில் ஒரு மாணவியின் பெயருக்கு எதிரே 'கேள்வி கேட்டால் காத்திருக்கவும்' என்று மட்டும் எழுதியிருக்கிறதே, என்ன பொருள் என்று வினவினார். அந்தப் பெண்ணுக்குத் திக்குவாய். விடை தெரியும், சொல்ல நேரமாகும் என்றார் அம்மையார். தாயாரின் படுக்கையருகே நின்றபடி, மேலும் கால் மணி நேரம் மற்றப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.